நெருப்புக்குத் தோஷமில்லை

கொல்லைப்புறத்தில் நீலா உட்கார்ந்து எழுந்த இடத்தில் எறும்பு மொய்த்திருந்ததை முதலில் பார்த்தவள் நான்தான். எங்களுக்கு வெல்ல மண்டி. மண்டிக்கு மூட்டை வந்து இறங்கும் நாட்களில் வீடு முழுக்க எறும்பு ஓடும். அதனால் நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை.

நீலாவதி என் தங்கை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அந்தச் சித்திரையில் அவள் குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை. சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்துவிட்டு, சொம்பைக் கீழே வைப்பதற்குள் மறுபடியும் மொள்ளுவாள். நாலு இட்லி, ஐந்து இட்லி என்று தின்றாள். ஆனால் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. முதுகில் எலும்பை எண்ணலாம் போல ஆகிவிட்டது. கடைத்தெருவில் சிரித்தார்கள்.

"இன்னா செட்டியாரே, ஊருக்கெல்லாம் வெல்லம் போட்றீங்க, வூட்டுப் பொண்ணுக்குச் சோறு போட மாட்டீங்களா?"

அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவரும் சேர்ந்து சிரித்தார். வைகாசி முதல் வாரத்தில் நீலா குளிக்கும்போதே மயங்கி விழுந்தாள். திண்டிவனம் போய், அங்கிருந்து புதுச்சேரிக்குப் பஸ் மாறி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அம்மா வார்டில் நீலாவை விட்டு நகரவில்லை. அதனால் டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டது நைனாவும் நானும்தான். நான் எட்டாவது பாதி வரை படித்தவள். வயதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் வீட்டில் அதிகம் படித்தவள் நான்தான் என்று நைனா என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டார்.

"இவ்ளோ சாப்பிட்றாளே சார், அதெல்லாம் எங்க போவுது?" என்று நைனா கேட்டார்.

டாக்டர் பொறுமையானவர். "அரிசி, இட்லி, உங்க வெல்லம் எல்லாமே மாவுச்சத்து, சர்க்கரைச்சத்து. எது சாப்பிட்டாலும் கடைசியில சர்க்கரையாகி ரத்தத்துக்கு வந்துடும். ரத்தத்திலேர்ந்து சதைக்குள்ள போகணும்னா இன்சுலின் வேணும். அது ஒரு புரதம். வயித்துக்குள்ள கணையம்னு ஒரு உறுப்பு இருக்கு, அது சுரக்கிறது. இவளுக்குச் சுரக்கலை."

நைனா அதை மண்டிக் கணக்கில் போட்டுப் பார்த்தார். "லாரி வந்து நிக்குது. மூட்டை எறக்க ஆளு இல்ல. அப்படித்தான?"

"அதேதான். எறக்காத மூட்டை மழையில கரைஞ்சு சாக்கடையில போகுது."

"அப்ப உடம்பு எதைத் துன்னும்?"

"சேர்த்து வெச்ச கொழுப்பை எரிக்கும். அப்புறம் சதையை. விறகு இல்லாத வீட்டில கதவைப் பேர்த்து எரிக்கிற மாதிரி. கொழுப்பு தாறுமாறா எரிஞ்சா ரத்தம் புளிச்சுடும். மூச்சில பழம் அழுகின மாதிரி வாசனை வரும். அந்த வாசனை வந்தா ஒரு மணி நேரம்கூட வீட்டில வெச்சிருக்காதீங்க."

ஊசிக்குப் பதிலாக வாயில் கொடுக்க முடியாதா என்று நைனா கேட்டார். பருப்பையும் பாலையும் செரிப்பதுபோல வயிறு இதையும் செரித்துவிடும் என்றார் டாக்டர். மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும், வெயில் படக்கூடாது என்றார். எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று நைனா கேட்டபோது கொஞ்சம் தயங்கினார். எங்கள் நெற்றியைப் பார்த்தே நாங்கள் சைவம் சாப்பிடுகிறவர்கள் என்று தெரிந்திருக்கும்.

"மாட்டோட கணையத்திலேர்ந்து" என்றார். "வேற வழி இல்லை. இது இல்லாட்டி ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டா."

வராந்தாவுக்கு வந்ததும் நைனா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தைலு, உங்கம்மாவுக்கு இது தெரிய வேணாம்" என்றார். நான் தலையாட்டினேன். பேச வேண்டிய இடத்தில் தலையாட்டுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

ஏன் இந்த நோய் வந்தது என்பதற்கும் டாக்டர் ஒரு பதில் சொல்லியிருந்தார். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் நூல் போல ஒன்று சுருண்டு கிடக்கிறதாம். எந்தப் புரதத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கிறதாம். அதில் எங்கேயோ கோளாறு இருக்கலாம், இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது என்றார். இதை மட்டும் நைனா அம்மாவிடம் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதைத்தான நாம தலையெழுத்துன்னு சொல்றோம்" என்றாள்.

இருபது நாள் கழித்து நீலாவோடு செஞ்சிக்குத் திரும்பினோம். ஒரு சட்டியில் ஈர மணலைக் கொட்டி, அதில் மருந்து பாட்டிலைக் கழுத்தளவு புதைத்து வைத்தோம். தினமும் காலையில் மூத்திரத்தைச் சோதிக்கும் வேலை என்னுடையது. கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள் என்றால் அதிகம். செங்கல் நிறம் என்றால் ஆபத்து. மண்டிக்குக் கிளம்பும்போது நைனா வாசலில் நின்று, "இன்னா கலர்?" என்பார். நான் சொன்ன பிறகுதான் செருப்பை மாட்டுவார்.

ஊசி போட தாவூத் பாய் வருவார். டிஸ்பென்சரியில் கம்பவுண்டர். ஏழு மணிக்குச் சைக்கிள் மணி கேட்கும்.

"இன்னா மகாராணி, இன்னிக்கி எந்தத் தொடை?"

"நேத்து எந்தத் தொடைன்னு உங்களுக்கே ஞாபகம் இல்ல. நீங்கல்லாம் ஒரு கம்பவுண்டரா, பாய்?"

"வாயி மட்டும் ராஜகிரி மலை ஒசரம். ஊசியைப் பார்த்தா மட்டும் கண்ணை மூடிக்கிற."

"நான் மூடல. உங்க மூஞ்சியைப் பார்க்க வேணாம்னு திருப்பிக்கினேன்."

நாலு மாதம் இப்படிப் போனது. நீலாவின் கன்னத்தில் சதை பிடித்தது. பள்ளிக்கூடத்துக்கும் போனாள். சோற்றை அளந்து போட வேண்டும், வெல்லம் கண்ணில் காட்டக்கூடாது. அதற்கு மட்டும் அழுவாள். காலையில் பெரும்பாலும் பச்சைதான் வந்தது, சில நாள் நீலமே வந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் அம்மா தாவூத் பாய்க்கு மோர் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "ஏன் பாய், இவ்ளோ சின்ன பாட்டில்ல இன்னாதான் வெச்சிருக்கான்? மூலிகையா?"

நான் உள்ளே குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். பாய் ஒளித்துப் பேசத் தெரியாதவர். "மூலிகையா? மாட்டோட கணையம்மா. சீமையில எத்தினி மாட்டை அறுத்தா ஒரு பாட்டில் தேறுமோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்" என்றார். சொன்ன பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மோரை முழுதாகக் குடிக்காமல் போய்விட்டார்.

அம்மா அடுப்பங்கரைக்கு வந்தாள். எங்கள் வீட்டில் வெங்காயம்கூட ஏகாதசியன்று நுழையாது. கடையில் வாங்கிய ரொட்டியை முட்டை இருக்குமோ என்ற சந்தேகத்தில் தெருவில் எறிந்தவள் அம்மா.

"உங்க நைனாவுக்குத் தெரியுமா?"

நான் தலையாட்டினேன்.

"உனுக்கு?"

அதற்கும் தலையாட்டினேன்.

"நாலு மாசம்" என்றாள். குரல் உயரவே இல்லை. "தெனமும் நான்தான் அவ காலைப் பிடிச்சினு ஒக்காந்திருந்தேன். எல்லாருக்கும் தெரியும், என்னைத் தவிர. இனிமே நீங்க ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்."

அன்றைக்கு அவள் தலை முழுகிவிட்டு வந்து சாமி படத்துக்கு முன்னால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். ஊசியை நிறுத்திவிடுவாள் என்று நான் பயந்தேன். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் நீலா பிழைக்க மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். மறுநாள் பாய் வந்தபோது, "நாளைலேர்ந்து நானே போட்டுக்கறேன், எனக்குக் காமிச்சுக் குடுங்க" என்றாள். அனந்தபுரம் சந்தையில் காலரா ஊசி போடும் வேலை இருந்ததால் பாய்க்கும் அது சௌகரியமாகப் போயிற்று. பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். ஊசியையும் கண்ணாடிச் சிரிஞ்சையும் பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும் என்றார்.

அடுத்த நாள் விடிந்ததும் அம்மா குளித்து ஈரப் புடவையோடு வந்தாள். பூஜைக்கு வைத்திருந்த வெண்கலப் பாத்திரத்தை எடுத்து அடுப்பில் வைத்தாள். தண்ணீரில் ஊசியையும் சிரிஞ்சையும் போட்டு, நாலு துளசி இலையைக் கிள்ளிப் போட்டாள். பிறகு மணலிலிருந்து மருந்து பாட்டிலை எடுத்துத் துடைத்து, அதையும் உள்ளே இறக்கினாள்.

"அம்மா, பாட்டில் எதுக்கு?"

"நெருப்புக்குத் தோஷமில்லடி. எதுவா இருந்தாலும் நெருப்புல எறங்கி வந்தா சுத்தம். எம்பொண்ணு உசுருக்காக அந்தப் பாவத்தை நான் சுமந்துக்கறேன். ஆனா பச்சையா ஏத்த மாட்டேன்."

"அது மருந்தும்மா..."

"உன்னை ஒண்ணும் சொல்ல வேணாம்னு சொன்னேன்."

தண்ணீர் கொதித்தது. பாட்டில் அடியில் மோதி டக் டக் என்று சத்தம் போட்டது. ஆறிய பிறகு அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எப்போதும் தண்ணீர்ப் பால் போல இருக்கும் மருந்தில் வெள்ளை வெள்ளையாகத் துகள் மிதந்தது. குலுக்கினாலும் அது கரையவில்லை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

ஏழாவது படிக்கும்போது விஞ்ஞான வகுப்பில் டீச்சர் முட்டையின் வெள்ளைக் கருவைக் குழாயில் ஊற்றிச் சுட வைத்துக் காட்டினார். நாங்கள் நாலைந்து பேர் மூக்கைப் பொத்திக்கொண்டோம். தண்ணீராக இருந்தது வெள்ளையாகக் கெட்டிப்பட்டது. இது புரதம், சூடு பட்டால் அதன் கட்டு குலைந்துவிடும், எவ்வளவு ஆற வைத்தாலும் பழையபடி ஆகாது, அதன் வேலையையும் செய்யாது என்றார். அதை நான் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல மூன்று வார்த்தை போதும்: 'இது செத்துப் போச்சும்மா.'

நான் சொல்லவில்லை. நாலு மாதம் மறைத்தவள், இப்போது எந்த முகத்தோடு வாயைத் திறப்பது என்று இருந்தது. இன்னொன்றும் இருந்தது. இதுவும் கூடாது என்றால் அம்மாவுக்கு மிஞ்சுவது பச்சை மருந்து அல்லது ஒன்றுமில்லாதது. அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை பாதி மருந்தாவது உயிரோடு இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். நீலா காலை நீட்டினாள்.

"அம்மா, பாயைவிட நீ நல்லாப் போட்ற" என்றாள்.

மறுநாள் காலை குழாயில் மஞ்சள் வந்தது. வாசலில் நைனா, "இன்னா கலர்?" என்றார். அவருக்குப் பின்னால் அம்மா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சை" என்றேன்.

மூன்றாம் நாள் செங்கல். குழாயின் அடியில் செம்மண் சேறு போலப் படிந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் கொல்லையில் கொட்டினேன். நேற்று சொன்ன பொய்யை விட்டு இறங்க வழி தெரியவில்லை. அன்றைக்கும் பச்சை என்றேன். நைனா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நீலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். சொம்பு அவள் தலைமாட்டிலேயே இருந்தது.

நான்காம் நாள் வாந்தி எடுத்தாள். அம்மா அஜீரணம் என்று ஓமத்தண்ணீர் கொடுத்தாள். குழாயில் மறுபடியும் செங்கல். அன்றைக்கு நைனா விடியற்காலையிலேயே வல்லத்துக்குச் சரக்கு பார்க்கப் போய்விட்டதால் என்னிடம் யாரும் நிறம் கேட்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஐந்தாம் நாள் காலை அம்மா இன்னும் கூடுதலாகக் கொதிக்கவிட்டு ஊசி போட்டாள். நைனா மண்டிக்குக் கிளம்பும்போது நான் கொல்லையில் இருந்தேன். வேண்டுமென்றேதான் இருந்தேன். பத்து மணிக்கு நீலாவின் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது அந்த வாசனை வந்தது. புளித்துப்போன பழக்கூடையின் வாசனை. அவள் ஓடி வந்தவள் போல ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "அக்கா, மாடு மேல ஒக்காந்தா மாதிரி இருக்குது" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

நான் ஓடினேன். வயதுக்கு வந்த பிறகு பகலில் தனியாகக் கடைத்தெருவில் கால் வைத்ததில்லை. மேலே தாவணிகூடச் சரியாக இல்லை. மூட்டை தூக்குகிறவர்கள் விலகி நின்று பார்த்தார்கள். "செட்டியார் பொண்ணுடா, பேசவே பேசாதே, அதுவா ஓடுது?" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. நைனா தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"நைனா, செங்கல். மூணு நாளா செங்கல்தான்."

அவர் தராசை விட்டுவிட்டு வந்தார்.

திண்டிவனம் வரை நீலா அம்மாவின் மடியில் கிடந்தாள். புதுச்சேரி பஸ்ஸில் அவளுக்கு நினைவில்லை. கூப்பிட்டால் இமை மட்டும் அசைந்தது. பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் அவள் மூச்சு கேட்டது. ஒரு கிழவர் எழுந்து அவள் கால் நீட்ட இடம் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் இருந்தார். நீலாவுக்கு உப்புத்தண்ணீர் ஏற்றச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த மருந்தைக் கேட்டார். அம்மா வார்டில் நீலாவோடு இருந்தாள். நைனா சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டாக்டர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார், குலுக்கினார், மறுபடியும் பார்த்தார்.

"இதை யாராவது சுட வெச்சீங்களா?"

நைனா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"ஒரு தடவையா?"

"தெனமும்" என்றேன். அதுதான் என் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை. டாக்டர் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு வார்டுக்குள் ஓடினார். புது மருந்து போட்டார்கள். இரவும் மறுநாள் காலையும் மணிக்கு ஒரு தரம் போட்டார்கள். மறுநாள் மத்தியானம் நீலாவின் மூச்சு மெதுவாயிற்று. தேறிவிட்டாள் என்றுதான் அம்மா நினைத்தாள். அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

சாயங்காலம் அந்த மூச்சும் நின்றது. வாடகை வண்டி பேசி நீலாவை செஞ்சிக்குக் கொண்டுவந்தோம். டிரைவருக்குப் பக்கத்தில் நைனாவும் நானும். பின்னால் அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திண்டிவனம் தாண்டிய பிறகு நைனா ரோட்டைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்.

"நீ எனக்குப் பச்சைன்னு சொன்ன."

கொஞ்ச தூரம் போன பிறகு, "கொதிக்க வெச்சதாலதான்னு உங்கம்மாகிட்ட சொன்னா அவளும் போயிடுவா" என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை அவர் இதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசுவதில்லை.

அம்மா மூன்று நாள் சாப்பிடவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு, நான்காம் நாள் மத்தியானம், அடுப்பங்கரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நைனா மண்டியில் இருந்தார். "மருந்து ஏத்துற அளவை நான் சரியாப் பார்த்தேனா?" என்று கேட்டாள். பார்த்தாய் என்றேன். "ஊசியைச் சரியான ஆழத்துக்குக் குத்தினேனா?" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ படிச்சவ. நெஜத்தைச் சொல்லு. அந்த மாட்டுக் கறி தோஷம் முழுசாப் போவலியோ? இன்னும் ரெண்டு கொதி வுட்டிருக்கணுமோ? நான் அவசரப்பட்டு எறக்கிட்டேனா?"

அவள் கண் என் முகத்தை விட்டு அகலவில்லை. இந்த முறை தலையாட்ட முடியாது. எந்தப் பக்கம் ஆட்டுவது?

"இல்லம்மா" என்றேன். "உம்மேல ஒண்ணும் இல்ல. நீ சரியாத்தான் செஞ்ச. மருந்தே பழசாம், டாக்டர் சொன்னாரு."

"மருந்து பழசா?"

"ஆமா. வரும்போதே கெட்டுப்போயி வந்திருக்குது."

அம்மா சீமைக்காரனைத் திட்டினாள். காசுக்காகக் கெட்டுப்போன மருந்தை விற்கிற ஜனம், ஏழைப் பிள்ளையின் உயிர் அவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று அழுதுகொண்டே திட்டினாள். திட்டத் திட்ட அவள் முதுகு நிமிர்ந்தது. நான் தட்டை எடுத்துச் சோறு போட்டு, ரசம் ஊற்றிப் பிசைந்து அவள் முன்னால் வைத்தேன்.

அம்மா சாப்பிட்டாள்.